பிரேரணையின் கீழே அப்பாவின் பெயர்

எங்கள் பள்ளிக்கூடத்து மாணவர் பாராளுமன்றத்தில் நான் எதிர்க்கட்சிக்காரி. பரந்தனிலிருந்து உள்ளே போனால் வரும் சின்னப் பள்ளிக்கூடம். அதற்கும் ஒரு பிரதமர் இருந்தார்; குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று பதில் சொல்ல ஓர் அமைச்சரும் இருந்தார். சபாநாயகர் கதிரையில் தமிழ் டீச்சர்.

எட்டாம் வகுப்பில் நான் ஒரு பிரேரணை கொண்டுபோனேன். மாமா பத்திரிகையில் வாசித்துக் காட்டிய, நான் தேசப்படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒரு நாட்டுச் சனங்களுக்காக. தங்களை யார் ஆள்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும், இச்சபை அதை ஆதரிக்கிறது. அவ்வளவுதான். கூட்டக் குறிப்புக் கொப்பியில், முன்மொழிபவர் என்ற இடத்தில், அப்பாவின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுதாக எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன். சண்டை முடிந்ததும் இயக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்து வைத்திருந்த புனர்வாழ்வு முகாமிலிருந்து அப்பா விடுபட்டு வந்து நாலு மாதம்தான். ஞாயிறுதோறும் இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். எனக்கோ அவர் வந்துவிட்ட பெருமை.

"எங்கட குழாயிலயே தண்ணி இல்லை, எங்கயோ இருக்கிற சனத்துக்குப் பிரேரணை என்னத்துக்கு?" என்று அரசாங்கப் பக்கம் கத்தியது. பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பி, "இது எங்கட சனத்துக்கும் சேர்த்தோ?" என்று கேட்டாள்.

"சேர்த்துத்தான்" என்றேன்.

பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் என்னை இருக்கச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். வாக்கெடுப்புக்கு முன்பே டீச்சர் சபையைக் கலைத்தார். எல்லோரும் போனபின் கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்தார்.

"நாளைக்கு இந்தக் கொப்பியின்ர பிரதி கல்வி வலய அலுவலகத்துக்குப் போகும் பிள்ளை. அப்பான்ர பேரை ஏன் எழுதினனீ?"

அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து முறையிட்டேன். அப்பா உடனே கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டி, என்னைச் சைக்கிளில் ஏற்றினார். எனக்காகச் சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்து, டீச்சரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் வீட்டுப் படலையில் இறங்கியதும் அப்பா கைகூப்பினார்.

"பெரிய உதவி டீச்சர்."

"அடுப்பில போட்டிட்டன். யோசியாதேங்கோ."

திரும்பும்போது சைக்கிளில் ஏறமாட்டேன் என்று நடந்தேன். அப்பா அதை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். வாய்க்கால் பாலத்தடியில் திரும்பி நின்று, "நீங்கள் ஒரு பயந்தாங்கொள்ளி அப்பா" என்றேன். அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"ஓம் மகள்" என்றார்.

இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அதை அவ்வளவு சாதாரணமாக ஒத்துக்கொள்ள ஒரு மனிதர் எவ்வளவு களைத்திருக்க வேண்டும் என்பது அன்றைக்கு விளங்கவில்லை. வாதத்தில் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தேன்.