ஒரு வாசலுக்கு இரண்டு அடையாளச் சொல்

கேப்டன் ஏனோக் தாட்சர் டான்பரி என்ற ஊரில் தொப்பி செய்துகொண்டிருந்தவர். விடுதலைப் போரில் துப்பாக்கி தூக்கி, தொடையில் குண்டு வாங்கி, பதினாறு வருடம் கழித்துக் கேப்டன் ஆனார். தங்கமான மனிதர்தான், லெமுவேல் விக்கத்தின் பெயர் காதில் விழாதவரை.

விக்கமும் அவரும் ஒஹாயோ ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றில் கேப்டன்கள். இருவர் நியமனத் தாளிலும் ஒரே தேதி. அப்படியானால் யார் மூத்தவர் என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பது பட்டாள வழக்கம். சீட்டு விக்கத்துக்கு விழுந்தது. கோட்டைத் தலைவராக இருந்த மேஜர் காய்ச்சலில் இறந்ததும் கோட்டையும் அவர் கைக்குப் போனது.

தாட்சருக்கு வயிறு எரிந்தது. போர்க்களத்தையே பார்க்காத ஆள் தனக்குக் கட்டளை போடுவதா? போர் இலாகாவுக்கு மனு எழுதிப் போட்டார். பதில் வரும்வரை, வாசலில் நுழையத் தன் கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தனி அடையாளச் சொல் கொடுத்தார். தாட்சரை அடைத்து வைத்தால் பாதிப் பட்டாளம் கலகம் செய்யும் என்று விக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். வாசல் காவல் ஒருநாள் அவர் ஆட்களுக்கு, மறுநாள் இவர் ஆட்களுக்கு. இரண்டு சொல்லும் கோட்டையில் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் வேடிக்கை.

நவம்பரில் ஒரு மாலை, ஆலங்கட்டி மழையில், ரோந்து போன விக்கம் முதுகில் ஒருவனைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

"சொல் என்னங்க ஐயா?" என்றான் காவல்காரன்.

"விர்ஜீனியா. திற."

"அது எங்க சொல் இல்லீங்களே."

மதில் மேலிருந்து தாட்சர் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு வாசல் என்னுது, விக்கம். என் சொல்லைச் சொல்லு, திறக்கச் சொல்றேன்."

எட்டு மாதமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான். விக்கம் வீம்பு பிடிப்பார் என்று நினைத்தார். விக்கமோ தலை நிமிர்ந்து பார்த்தார்.

"டான்பரி. கேப்டன் தாட்சர், இது உங்க ஆளு, ஹோப்ஸ். மரம் வெட்டப் போன இடத்துல கால் முறிஞ்சு கிடந்தான். சீக்கிரம் திறக்கச் சொல்லுங்க."

கதவு திறந்தது. தாட்சரின் சொந்தச் சிப்பாய்களே யாரும் சொல்லாமல் விறைத்து நின்று விக்கத்துக்குச் சல்யூட் அடித்தார்கள்.

வசந்தத்தில் பதில் வந்தது. பழைய போர்ச் சேவையைக் கணக்கில் எடுத்து, தாட்சரே மூத்தவர் என்று தீர்ப்பு. மறுநாள் அணிவகுப்பில் அதை அவரே வாசித்தார். எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். ஹோப்ஸின் பார்வை மட்டும் பக்கத்தில் நின்ற விக்கத்தின் மேலேயே இருந்தது.

"எங்கடா பாக்கறே? இங்க கமாண்டர் நான்" என்றார் தாட்சர்.

"தெரியுங்க ஐயா. சல்யூட் உங்களுக்குத்தானே அடிச்சேன்."