மீன் தலை வாங்க வந்த மேடம்

நொச்சிக்குப்பத்து ரோட்டோரம் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. வசுமதி மேடம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய தம்பி சொன்னார். எதிரே நின்ற கிராக்கி, "இன்னாம்மா, வெட்டு" என்றார். பாதி வெட்டின மீனை அப்படியே பையில் போட்டு, "மீதிய வூட்ல வெட்டிக்கோ நைனா" என்று அனுப்பிவிட்டேன். மேடம் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

அவருடைய நினைவு மலரில் இதைப் படிக்கப்போகிறவர்கள் அவரோடு வேலை செய்தவர்கள், அவரிடம் படித்தவர்கள். உங்களுக்கு அவர் பெரிய விஞ்ஞானி. கருவுக்குள் மூளையும் தண்டுவடமும் எப்படிப் பகுதி பகுதியாகப் பிரிகின்றன என்று அடையாறில் ஆயுசு முழுக்க ஆராய்ந்தவர். ஐந்தாவதோடு நின்ற எனக்கு, மீனே சாப்பிடாமல் மீன் வாங்கிய ஒரே கிராக்கி. மாணவர்களுக்குக் காட்ட வெறும் தலையாக வாங்குவார். "இன்னா மாமி, ஆத்துல குழம்பு கொதிக்குதா?" என்று வம்பிழுப்பேன். "கத்தாதேடி கஸ்தூரி, என் தம்பி பீச்சுல வாக்கிங் போயிண்டிருக்கான், காதுல விழப்போறது" என்பார்.

அப்படி இந்தத் தலைக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். என்னையே ஒரு தலையைப் பிளக்கச் சொல்லி, முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்று விரலால் காட்டினார். "மீனோ, கோழியோ, நீயோ, நானோ, வரிசை இதுதான்" என்றார். முதலில் தட்டையாக ஒரு தகடு இருக்குமாம். அது சுருண்டு குழாயாகி, முன்பக்கம் உப்பி மூளையாகுமாம். மீதி தண்டுவடம்.

"எது முன்னாடி, எது பின்னாடின்னு அதுக்கு யாரு சொல்றது?" என்றேன்.

"பக்கத்துல இருக்கற செல்லெல்லாம் சேதி அனுப்பும். கண்ணை மூடிண்டு வந்தாகூட, நாத்தத்தை வெச்சே உன் கடை எவ்வளவு தூரம்னு நான் சொல்லிடுவேன். கிட்ட வந்தா தூக்கலா இருக்கும், தள்ளிப் போனா கம்மி. செல்லும் அப்படித்தான். சேதி எவ்வளவு தூக்கலா வருதோ, அதை வெச்சுத் தன் இடத்தைத் தெரிஞ்சுக்கும்."

என் கடை நாற்றத்துக்கு இம்மாம் மரியாதையா என்று அன்று முழுக்கத் தெருவில் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு நின்ற நாளும் வந்தது. என் மகள் ரோஜாவுக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. முன்மூளை இரண்டாகப் பிரியவே இல்லை என்றார் டாக்டர். முகமும் சரியாக உருவாகவில்லை. அவளுக்கு ஆறாம் மாதம் நடந்தபோது சூரிய கிரகணம் வந்திருந்தது. அன்று அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டினாள். கிரகண நேரத்தில் கர்ப்பிணி எதையாவது வெட்டினால் பிள்ளை ஊனமாகும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். "எம் பேரனை வெட்டின கை இது. இந்தக் கை எம் வூட்ல சோறு ஆக்கக்கூடாது" என்று சம்பந்தியம்மா அவளைக் கொண்டுவந்து என் வீட்டில் விட்டுப் போனார். மருமகன் அவளோடு வரவில்லை. ரோஜா தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேடத்திடம் சொன்னேன். "எழுந்திரு, போலாம்" என்றார். சம்பந்தி வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது.

"கிரகணம் எப்போ வந்தது?" என்று கேட்டார் மேடம்.

"ஆறாம் மாசம்" என்றார் சம்பந்தியம்மா.

"முன்மூளை ரெண்டா பிரியறது முதல் ரெண்டு மாசத்துக்குள்ள. அடியில இருக்கற திசு பிரியச் சொல்லிச் சேதி அனுப்பணும். அது சரியா போய்ச் சேரல. அப்போ இவளுக்கே நாள் தள்ளிப்போச்சோன்னு சந்தேகமா இருந்திருக்கும். கிரகணம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுபோன விஷயத்தை இவ கை எப்படி வெட்டும்?"

"அப்ப யாரு காரணம்? நீதான் பெரிய படிப்பு படிச்சவளாச்சே, சொல்லு!"

"தெரியாது" என்றார் மேடம். "சில பேருக்குக் காரணம் கண்டுபிடிக்கலாம். நிறைய பேருக்கு முடியறதில்ல. இவளுக்கு ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா இவ கை இல்லேன்னு தெரியும்."

சம்பந்தியம்மா படாரென்று கதவைச் சாத்தினார். மேடம் விடுவாரா? சாத்தின கதவைப் பார்த்தே மறுபடி முதலிலிருந்து பாடம் நடத்தினார். அன்றைக்கு அந்தத் தெருவுக்கே முன்மூளை மனப்பாடம் ஆகிவிட்டது. மறுவாரம் மருமகன் ரோஜாவோடு இங்கேயே இருந்துவிடுவதாகத் துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்து நின்றான். "அந்த டீச்சர் கத்தினது மாடி வரிக்கும் கேட்டுச்சு அத்தை. வெக்கமா பூட்ச்சு" என்றான்.

இப்போது ரோஜாவுக்கு மறுபடியும் ஐந்தாம் மாதம். ஸ்கேனில் இதுவரை எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. மேடத்தைக் கடைசியாகப் பார்க்க நாங்கள் கிளம்பியபோது, தெருப் பெண்கள் மறித்துக்கொண்டார்கள். "வயித்துல புள்ளைய வெச்சிகினு சாவு வூட்டுக்குப் போவலாமா? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

ரோஜா செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆச்சுன்னா ஆஸ்பத்திரில கேட்டுக்கறேன், உங்களைக் கேக்க மாட்டேன். வழி வுடுங்கக்கா" என்றாள். ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போனோம். எல்லோரும் பார்க்க, அவள் மேடத்தின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாயும் வயிறுமாக வந்தவளை அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாவு வீடு என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அவருடைய படிப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் போட்ட சண்டையை நான் எடுத்துக்கொள்கிறேன். கிரகணம் இன்னும் வரும். எந்த வீட்டிலாவது பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணைப் பார்த்து, உன் கைதான் காரணம் என்று எவராவது சொல்வார்கள். அந்த வாசலில் நான் போய் நிற்பேன். மேடத்தைவிட எனக்குத் தொண்டை பெரிசு.