வணக்கம் சொல்லாத பைன் மரம்

எங்க வீட்டுக்காரர் மியதாகே குனியோ, தகாமட்சு நகரில் ஒரு பெரிய கடையின் ஐந்தாவது மாடியில், புகார் கவுன்ட்டரில் முப்பத்துநாலு வருஷம் நின்றவர். அவர் வேலையே குனிவதுதான். சட்டை சாயம் போனால் குனிவார், 'மேனேஜரைக் கூப்பிடு' என்று யாராவது கத்தினாலும் குனிவார். வாங்கின குடை மழையில் நனைந்துவிட்டது என்று ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தபோதும் குனிந்திருக்கிறார். தப்புப் பண்ணினவன் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பான், மன்னிப்புக் கேட்பது மட்டும் இவர்.

ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்தும் கையுமாக வாசலில் நின்று, "ஹிசாயோ, இனிமே இந்த இடுப்பு எனக்கே எனக்கு. எவனுக்கும் குனிய மாட்டேன்" என்றார். ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாளே நின்றபடி ஷூ மாட்ட ஒரு முழ நீளக் கரண்டி வாங்கி வந்தார். ஊதோன் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துச் சாப்பிடுவதை நிறுத்தி, வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்து உறிஞ்சினார். ரிமோட் தரையில் விழுந்தபோது என்னைக் கூப்பிட்டார். நானா எடுப்பேன்? ரெண்டு நாள் ஒரே சேனல் ஓடியது.

அந்த வெறும் பொழுதில்தான் தொட்டியில் வளரும் ஒரு குட்டிப் பைன் மரம் வாங்கினார். முழங்கை உயரம், ஊசி இலைகள் ஐந்தைந்தாகச் சேர்ந்திருக்கும். எங்கள் வட்டாரச் சங்கம் மே மாதம் மூன்று நாள் நடத்தும் போன்சாய் கண்காட்சியில் அதை வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனுஷனுக்கு இருந்த ஆசை. நான்கு வருஷம் விண்ணப்பம் போட்டார், நான்கு வருஷமும் தள்ளிவிட்டார்கள். எப்படித் தேறும்? மண் காய்ந்தால் தண்ணீர் ஊற்று என்றால், மரம் வாட்டமாகத் தெரிந்தபோதெல்லாம் ஊற்றினார். புகார் கவுன்ட்டரில் நின்ற கண்ணுக்கு உலகமே வாட்டமாகத்தான் தெரியும்.

ஒருவழியாக அந்தப் புத்தியும் வந்து, மரம் தழைத்தது. போன மார்ச்சில் பார்த்தால், ஊற்றின தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே குளம் கட்டி நின்றது. "வேர் நெருக்கிடுச்சு, தொட்டி மாத்தணும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்கட்டில் கடை விரித்தார். பழைய தொட்டியிலிருந்து மரம் செங்கல் மாதிரி அப்படியே வந்தது. வேரைக் கொக்கியால் சிக்கெடுத்தார். என் தலையை ஒரு நாளாவது அவ்வளவு பதமாகத் தொட்டிருப்பாரா! வேரில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனேன். "ஐயோ, அதைத் தொடாதே! அதுதான் மரத்துக்குச் சோறு போடுது" என்று அலறினார். இவருக்குச் சோறு போடுகிற எனக்குச் சுருக்கென்றது. நீண்ட வேரை மட்டும் நறுக்கி, புதுத் தொட்டியின் ஓட்டைக்கு வலை வைத்து, மரத்தை உள்ளே நிறுத்தினார். இனிக் கம்பியால் வேரைத் தொட்டியோடு கட்ட வேண்டும்.

"ஹிசாயோ, அடிமரத்தைக் கெட்டியாப் பிடி. நான் கீழ கம்பி முறுக்கறேன், எனக்கு மேல தெரியாது. உச்சி முன்பக்கமாக் குனிஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லு."

மரத்துக்கு முகம் உண்டு. பார்க்க வருகிறவருக்கு அது லேசாகத் தலை சாய்த்து வணக்கம் சொல்ல வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் ஜன்னல் வழியாக உள்ளே டிவி தெரிந்தது. ஒசாகா சுமோ மல்யுத்தப் போட்டி, எனக்குப் பிடித்த மல்லன், என் ஆள், களத்தில் இறங்குகிறான்.

"குனிஞ்சிருக்கா?"

என் ஆள் பாயத் தயாராகக் கையைத் தரையில் ஊன்றிவிட்டான். "குனிஞ்சிருக்கு, நல்லாக் குனிஞ்சிருக்கு!"

அவன் பாய்ந்தான். நானும் பாய்ந்திருப்பேன் போலிருக்கிறது, கையில் மரம் இருந்தது நினைவில்லை. என் ஆள் ஜெயித்தான். இவர் கம்பியை முறுக்கி முடித்தார், மண்ணைப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி இறுக்கினார். இருட்டுகிற நேரம், ரெண்டு பேரும் சரியாகப் பார்க்கவில்லை. காற்றுப் படாமல் இருக்க வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பிறகு அதன் முதுகுப் பக்கமிருந்துதான் தண்ணீர் ஊற்றினோம்.

ஏப்ரல் கடைசியில் சங்கத் தலைவர் ஷிராகாவா, மரம் கண்காட்சிக்குத் தேறுமா என்று பார்க்க வந்தார். இவர் பெருமையாக மரத்தைத் தூக்கி மேஜையில் வைத்தார்.

கல்யாண விருந்து முடித்து நாற்காலியில் சாய்ந்த சம்பந்தி மாதிரி, மரம் பின்னால் சாய்ந்து நின்றது.

"மியதாகே, என்னய்யா இது? வர்றவனைப் பாத்து 'நீ யாருடா'ங்குது!" என்றார் தலைவர்.

திருப்பி வைத்தால் முதுகில் ஒரு பெரிய வடு. தொட்டிக்கு அடியில் கட்டை கொடுத்தால் தொட்டி தள்ளாடுகிறது. மறுபடி பிடுங்கினால் செத்துப்போகும். ரெண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றார் இவர். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், "என் கவனக்குறைவுங்க" என்றார்.

தலைவர் யோசித்தார். "ஒண்ணு பண்ணு. மரம் கண்காட்சில இருக்கட்டும். ஆனா அது பக்கத்துல யாராவது நின்னு, அதுக்குப் பதிலா வர்றவங்களுக்குக் குனியணும். மூணு நாளும். முடியுமா?"

இவர் மரத்தைப் பார்த்தார். அப்புறம் இடுப்பைத் தொட்டுக்கொண்டார். "முடியும்."

கண்காட்சியின் முதல் நாள் காலை கூடத்தில் போய்ப் பார்த்தேனே, பாவி நான்! பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, ஐந்தாவது மாடியில் நின்ற அதே நிலையில் நிற்கிறார். ஒவ்வொருத்தர் வரும்போதும், "இவன் மரியாதை தெரியாதவன், என் வளர்ப்பு சரியில்லை, மன்னிக்கணும்" என்று இடுப்பு வரைக்கும் குனிகிறார். ஒரு கிழவர், "பரவால்லப்பா, என் மகனும் இப்படித்தான்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் தப்புக்கோ குனிந்தே காலம் போனவர், இப்போது என் தப்புக்கும் குனிகிறார்.

மத்தியானம் பொறுக்க முடியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் போய்க் கத்திவிட்டேன். "நிறுத்துங்க! மரத்தைப் பிடிச்சது நான். சுமோ பாத்துட்டுப் பொய் சொன்னேன். தலைவரே, நான்தான் குற்றவாளி!"

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. இவர் மட்டும் மெல்ல, "ஜெயிச்சானா?" என்றார்.

"ஜெயிச்சான்."

"அப்போ இனிமே நீங்க குனியுங்கம்மா" என்றார் தலைவர்.

இவர் கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். வெளியே போனார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். நான் குனிய ஆரம்பித்தேன். பத்தாவது ஆளுக்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. முப்பத்துநாலு வருஷமா இதைச் செய்தார்?

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் யாரோ வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதினார்கள். நிமிர்ந்து பார்த்தால் இவர்! ஒவ்வொரு மரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவகாசமாகப் பார்த்தபடி வந்து எங்கள் பைனுக்கு எதிரில் நின்றார். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

நான் குனிந்தேன். இந்த முறை நிஜமாகவே குனிந்தேன். "தப்பு என்னோடதுங்க. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் பதிலுக்குக் குனியவில்லை. நிமிர்ந்து நின்று மரத்தை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"சரி, இந்தத் தடவை விடறேன்" என்றார். "உங்க மேனேஜர் இருந்தாக் கொஞ்சம் கூப்பிடுங்க."