சாம்பலில் பதிந்த பாதம்

எங்கள் அண்ணன் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், நாங்கள் இன்றும் இருக்கும் இதே காம்பராவில்தான் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் ஓட்டமென்றால் அண்ணன்தான் முன்னால் வருவார். பிறகு காரணமில்லாமல் விழ ஆரம்பித்தார். குடித்திருக்கிறான் என்று ரோட்டில் பேசினார்கள். டவுன் ஆஸ்பத்திரியில்தான் இது நரம்பு நோய் என்றார்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் ஒளிந்திருந்து பிள்ளைக்கு வருவதாம். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்கள். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

இருட்டினால் அண்ணன் நடக்கமாட்டார்.

"கண்ண மூடுனா எனக்கு காலே இல்ல தங்கச்சி. எங்க வச்சிருக்கேன்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது" என்று சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த சிங்கள மிஸ், "ஹெமின் ஹெமின், மல்லி" என்பார். மெதுவாக, மெதுவாக, தம்பி. பயிற்சி நோயைப் போக்காது, விழுவதைக் குறைக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்பா காம்பராவுக்கு முன்னாலுள்ள இஸ்தோப்பில் இரு பக்கமும் மூங்கில் கட்டினார். இறப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளை வரிசையாக வைத்தோம். அண்ணன் மூங்கிலைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகத் தாண்டுவார். ஒன்று உருண்டாலும் மறுபடி முதலிலிருந்து.

"என்னா தம்பி, மரமே இல்லாம பால் வெட்டுறியா?" என்பார் பக்கத்துக் காம்பரா அத்தை.

"ஆமா அத்தே. கணக்கப்பிள்ளகிட்ட சொல்லி நாள் சம்பளத்துக்கு பேர் போடச் சொல்லுங்க."

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்குத் தடியில்லாமல் நடந்து போனார். ஆனால் நோய் இதயத்தையும் பிடித்திருந்தது. ஒரு மழைக் காலையில் மூங்கிலைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். எழவில்லை.

அதன்பிறகும் சிரட்டைகளை எடுக்க அம்மா விடவில்லை. வைத்த சிரட்டைகள் இடம் மாறிக் கிடந்தன. யார் தட்டியது என்று அம்மா கேட்டபோது யாருமில்லை என்றோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"தம்பி இன்னும் நடந்து பழகுது" என்றார் அத்தை. லயத்துப் பிள்ளைகள் எங்கள் இஸ்தோப்புப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள்.

அண்ணன் இறந்த எட்டாம் நாள் சாயங்காலம் படையல் வைத்தோம். வருகிறவரின் காலடி தெரியவேண்டும் என்று அப்பா சாம்பலைச் சலித்துத் தரையில் தூவினார். பிளேன்டீயை மறந்துவிட்டோமே என்று நான் பின்கதவால் போய், சாம்பலை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து, வைத்துவிட்டு வந்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே உட்கார்ந்தோம்.

திறந்தபோது சாம்பலின் நடுவில் காலடிகள் இருந்தன. விரல்களும் குதிகாலும் மட்டும் பதிந்திருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. அகல அகல வைத்த நடை. நோயில் வளைந்த பாதம். அண்ணனுடையதுதான்.

"வந்துட்டியா தம்பி" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்தக் காலடிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். அவை பின்கதவிலிருந்து பிளேன்டீ வரை போய், திரும்பிப் பின்கதவுக்கே வந்திருந்தன. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"காலக் காட்டு."

என் பாதத்தில் சாம்பல் இருந்தது.

"நான் ஓரமாத்தாம்மா போனேன்."

"கண்ண மூடிக்கிட்டு நில்லு."

மூடினேன். எனக்குக் கால் இல்லாமல் போனது. கண்ணைத் திறந்தபோது அப்பாவின் கைகளில் கிடந்தேன்.

எனக்கும் அதே நோய்தான் என்று ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அதே மிஸ்ஸிடம் போகிறேன். என்னைப் பார்த்ததும் அவர் அழுதார், பிறகு "ஹெமின் ஹெமின், நங்கி" என்று கையைப் பிடித்தார். மெதுவாக, மெதுவாக, தங்கச்சி.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அண்ணனை மலையிலிருந்து தூக்கிவந்து பஸ் ஏற்றிய லயத்து அண்ணன்மாருக்கும், எட்டாம் நாள் எங்களைத் தனியே விட்டுப் போகாத அத்தைக்கும், மூங்கிலை அவிழ்க்காத அப்பாவுக்கும், விடிந்ததும் சிரட்டைகளை வரிசையாக வைக்கிற அம்மாவுக்கும் அண்ணனின் சார்பில் கும்பிடுகிறேன்.

அண்ணன் போய் ஒரு வருடமாகிறது. எங்கள் இஸ்தோப்பில் சிரட்டை உருளும் சத்தம் கேட்டால் யாரும் பயப்படாதீர்கள். நான்தான் நடக்கிறேன்.