வேல்சாமியின் கை

ஐந்தருவியில் என் சிப்ஸ் கடைக்கு எதிரில்தான் வேல்சாமி மசாஜ் எண்ணெய் பாட்டிலோடு உட்காருவான். சீசன் வந்துவிட்டால் அவனைக் கையில் பிடிக்க முடியாது. யார் முதுகைக் காட்டினாலும், "எங்க வலிக்கோ அங்கனதான் நல்லா அமுக்கணும் சார், அமுக்குனா ஓடிரும்" என்பான். அந்த வாய்க்கொழுப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் கைராசிக்காரன். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அவன் மனைவி பேராச்சி பீடி சுற்றுகிறவள். போன வருஷம் சாரல் தொடங்கியபோது அவளுக்கு இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கின. தொட்டால் சுட்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வெயில் ஏறின பிறகுதான் இலை வெட்டக் கத்தரிக்கோலைப் பிடிப்பாள்.

"தென்காசியில டாக்டரப் பாருலே" என்று வேல்சாமியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"ஊரு வலியெல்லாம் நான் எடுக்கேன். எம் பொண்டாட்டிய இன்னொருத்தர்ட்ட கொண்டுபோனா எவன் அண்ணாச்சி எங்கிட்ட முதுகக் காட்டுவான்?" என்றான்.

தினமும் சாயங்காலம் எண்ணெயைச் சூடாக்கி, வீங்கின அந்தக் கணுக்களையே பிடித்து அமுக்கினான். "இப்ப எப்படிட்டி இருக்கு?" என்பான். "தேவலை" என்பாள். தேவலை என்கிறாளே என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்துவான்.

தை பிறப்பதற்குள் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பீடி நின்றது. தலை சீவ முடியவில்லை. ஒருநாள் சோற்றுத் தட்டைத் தூக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு, சிதறின சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அன்றைக்குத்தான் வேல்சாமி என் கடைக்கு ஓடிவந்தான். "அண்ணாச்சி, கூட வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

தென்காசி டாக்டரம்மா எக்ஸ்ரேயையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்தார். "இது தேய்மானம் இல்ல, வாயுவும் இல்ல. முடக்குவாதம். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே மூட்டைத் தாக்குது. வாரத்துல ஒரு நாள் மட்டும் சாப்பிடுற மாத்திரை தர்றேன். வேலை செய்யச் சில வாரம் ஆகும். இனிமே மோசமாகாம பார்த்துக்கலாம். சாய்ஞ்ச விரல் மருந்தால நிமிராதும்மா."

"நான் அமுக்குனதுலதான் இப்படி ஆயிட்டா?" என்று வேல்சாமி கேட்டான்.

"மருந்து இல்லாம விட்டதுலதான் ஆச்சு. ஆனா வீங்கிச் சூடா இருக்குற மூட்டை அமுக்கவே கூடாது. இவங்க எப்படித் தாங்குனாங்க?"

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவளிடம் கேட்டான்.

"வலிச்சுதாட்டி?"

"உசுரு போச்சு."

"பொறவு ஏன் தேவலைன்னு சொன்ன?"

பேராச்சி தன் விரல்களையே பார்த்தாள். "ஊரெல்லாம் உங்க கையத் தேடில்லா வருது. நானே வலிக்குன்னு சொன்னா, நீங்க அங்கன எப்படிப் போய் உக்காருவீங்க?"

அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. அவளால் கம்பியைப் பிடித்து ஏற முடியவில்லை. திரும்பி, அவனிடம் கையை நீட்டினாள். அவன் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"பிடிங்க" என்றாள்.

"ஏலே, பிடிலே!" என்று நானும் கத்தினேன்.

அவன் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். கடைசியில் நான்தான் அவள் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டேன்.