கைப்பிடியில் கட்டிய கயிறு

டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் எரியும் புகை எங்கே மணத்தாலும் என் மச்சான் ரவி கண்முன் வந்து நிற்கிறான். நிற்கிறான் என்று எழுதிவிட்டேன். இனி அவனால் நிற்க முடியாது என்று வைத்தியர் அவனிடமே சொல்லியாயிற்று.

நாங்கள் சேர்ந்து வாங்கியது பழைய, வலுக்கூடிய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல், பனிமேல் ஓடும் வண்டி. தொட்டால் பறக்கும். பழுதானால் வீட்டிலேயே திருத்தலாம். ஆனால் பொல்லாத பாரம். பிரேக் மெல்லத்தான் பிடிக்கும். கடுங்குளிரில் அக்சிலேட்டர் கேபிள் உறைந்து, விட்டாலும் வேகம் குறையாது. அதற்காகவே ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனை இயந்திரத்தில், மறுமுனை ஓட்டுபவரின் இடுப்பில். ஆள் விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும்.

கோயிலில் வாகன பூசை செய்வித்தபோது, ஐயர் காப்பு நூலோடு அந்தக் கயிற்றின் மறுமுனையையும் சேர்த்துக் கைப்பிடியில் கட்டிவிட்டார்.

"அவிழ்ப்பமேடா?" என்று உறைந்த ஏரிக்கரையில் ரவியிடம் கேட்டேன்.

"பூசையிலை கட்டினதை அவிழ்க்கிறதே? விசர்க்கதை கதையாதை."

அன்று கேபிள் உறைந்தது. திருப்பத்தில் விழுந்தவனின் கால் சிக்கிக்கொள்ள, நிற்காத வண்டி அவனைப் பனிக்கட்டிமேல் இழுத்துக்கொண்டே போனது. நான் கத்தியபடி பின்னால் ஓடினேன்.

இப்போது யார் வாகன பூசைக்குப் போனாலும் நானும் போகிறேன். சீட் பெல்ட்டிலும் பிரேக்கிலும் நூல் கட்டவிடுவதில்லை. ரவிக்கு இதனால் என்ன பயன்?

நேற்று கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில், "வண்டியை வித்துப்போடட்டே?" என்று கேட்டேன். "போட்டு வாறன்" என்று நான் எழும்பியபோதுதான் வாய் திறந்தான்.

"வித்துப்போடாதை மச்சான். வாற மாசியிலை நான்தான் ஓடுவன்."