வாசல் தாண்டாத சைக்கிள்கள்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. அதன் பின்பக்கம், பழைய பாய்லர் இருந்த தகரக் கொட்டகையில்தான் இசக்கிமுத்து சைக்கிள் செய்துகொண்டிருந்தான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். நிட்டிங் மெஷின் ஃபிட்டராகத் திருப்பூருக்கு வந்தவன்.

அவன் மனைவி ஜோதிகாவும் அதே கம்பெனியில் செக்கிங். இரண்டு பெண் குழந்தைகளையும் சாப்பாட்டுத் தூக்கையும் ஏற்றிக்கொண்டு அவள் லேடீஸ் சைக்கிளில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய சைக்கிளை வாங்கி அறுத்தான். பின்பக்கத்தை நீளமாக்கினான். சேலை கட்டினாலும் கால் தூக்கிப்போட வேண்டாதபடி நடுக்கம்பியைத் தாழ இறக்கினான். ஜோதிகா அதில் கம்பெனிக்கு வந்த முதல் நாளே கட்டிங்கிலும் ஃபினிஷிங்கிலும் இருந்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டு, எனக்கொன்று, உனக்கொன்று என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி வேல்குமார் காரைவிட்டு இறங்கிவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஒரு சுற்று ஓட்டிப்பார்த்தார்.

“இதை மார்க்கெட்டுக்குக் கொண்டு போலாமுங்க இசக்கி. நம்ம பொம்பளையாளுகளுக்குன்னே ஒரு சைக்கிள். நீங்க செஞ்சு மட்டும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

கொட்டகை வந்தது, வெல்டிங் செட் வந்தது, குழாய் வளைக்கும் மெஷின் வந்தது. காம்பவுண்டுக்குள்ளேயே குடியிருக்க வீடு கொடுத்தார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அவன் பிள்ளைகளுக்கும் இடம் வாங்கித்தந்தார். இசக்கிமுத்து சாப்பாட்டை மறந்து வேலை செய்த காலம் அது.

முதல் சாம்பிள் முடிந்ததும் வேல்குமார் அதைத் தடவிப்பார்த்தார். “அருமைங்க. பின்னாடி மட்டும் கொஞ்சம் ஒல்லியாப் பண்ணிரலாமுங்க.” ஒல்லியாக்கினான். அடுத்து மடக்குகிற மாதிரி வேண்டும் என்றார். மடக்கினான். பிறகு பேட்டரி, பிறகு தடித்த டயர், பிறகு மறுபடியும் மெல்லிய டயர். முடிந்த சைக்கிள் ஒவ்வொன்றும் மாடியில் ஏசி போட்ட ஷோரூமுக்கு ஏறியது. டீ-சர்ட் மாட்டிய பொம்மைகளுக்கு நடுவே அவை வரிசையாக நின்றன. வெளிநாட்டு பையர்கள் வந்தால் மணியை அடித்துப் பார்த்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பனியனுக்கு ஆர்டர் போட்டுவிட்டுப் போனார்கள். பனியனுக்கும் சாம்பிள் உண்டு. ஆனால் என்றைக்காவது ஒருநாள் அப்ரூவல் வந்து மெஷின் ஓடும். சைக்கிளுக்கு அந்த நாள் வரவே இல்லை.

ஒருமுறை மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டுவிட்டான். “மொதலாளி, நான் பழையபடி நிட்டிங்குக்கே போயிருதேனே.”

வேல்குமார் நாற்காலியைவிட்டு எழுந்தே வந்துவிட்டார். “ஏனுங்க இசக்கி, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா? உங்களை மறுபடியும் கிரீஸ்ல கைவெக்க உட்டா எனக்குத்தானுங்க கேவலம். நீங்க நம்மூட்டாளுங்க.”

சாயங்காலம் ஜோதிகாவிடம் சொன்னபோது, “திட்டுத ஆளுன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிரலாம்” என்றாள். “இவுகட்ட என்னத்தச் சொல்லிட்டுப் போக?” பிள்ளைகள் யூனிஃபார்ம் கழற்றாமல் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் டெய்லர் மெஹ்ஜபின் கொட்டகைக்கு வந்தாள். சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவள். பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனிவரை தொடையில் கைவைத்து அழுத்தி அழுத்தி நடப்பாள்.

“தம்பியோட பழைய சைக்கிள் ஊட்ல சும்மாதான் நிக்குதுங்கண்ணா. எனக்குத் தகுந்த மாதிரி மாத்த முடியுங்களா?”

கொட்டகையில் நடப்பதெல்லாம் கம்பெனி டிசைன், வெளியே போகக்கூடாது என்று வேல்குமார் ஏற்கெனவே சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இசக்கிமுத்து அவள் காலைப் பார்த்தான். சம்மதித்தோம் என்று தெரிவதற்கு முன்பே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்திருந்தான்.

இடது பெடலைத் தாங்குகிற இரும்புக் கட்டையைப் பாதியாக அறுத்து ஒட்டினால் அந்தக் கால் சின்ன வட்டம் சுற்றினால் போதும், வலது கால் பாரத்தை எடுத்துக்கொள்ளும். சீட்டைத் தாழ்த்தி, பெடலில் பாதத்துக்கு வார் வைத்தான். டீ இடைவேளைகளில்தான் இந்த வேலை எல்லாம். பெடல் கட்டையை வெல்டு பண்ணிய அன்று அது பழுக்கச் சிவந்திருந்தது. சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு விரிந்துவிடும். வேல்குமார் விருந்தாளிகளோடு வருகிற பேச்சுக்குரல் கேட்டது. சட்டென்று தண்ணீரில் முக்கி, சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டான்.

ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது. மெஹ்ஜபின் கம்பெனி வாசலில் வந்து இறங்குகிற அழகைப் பார்க்கவே அவன் முன்வாசலுக்குப் போவான். பிறகு ஒருநாள் பாலத்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபோது அந்தப் பெடல் கட்டை உடைந்தது. விழுந்தவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. தையல் மெஷினில் துணி தள்ளுகிற கை.

ஆஸ்பத்திரி, மருந்து, வேலைக்கு வராத நாள்களின் சம்பளம் எல்லாவற்றையும் வேல்குமாரே ஏற்றுக்கொண்டார். இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டுப் பேசினார்.

“எல்லாருக்கும் நடக்கறதுதானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. இனி ஒரு சைக்கிளும் வாசலைத் தாண்ட வேண்டாமுங்க, அவ்வளவுதான். உங்களை நான் விட்டுற மாட்டேனுங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் அவனுக்குள் இறங்கி அப்படியே தங்கிவிட்டது. வெட்கத்தில் காபியைக் குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு எழவும் முடியவில்லை. இனி எந்த முகத்தோடு வேலையை விடுகிறேன் என்று சொல்வது?

மெஹ்ஜபின் வீட்டுக்குப் போக அவனுக்கு வெகுநாள் பிடித்தது. கட்டுப் பிரித்த பிறகுதான் போனான். வாசலில் நின்றவனை அவளே உள்ளே கூப்பிட்டாள்.

“தப்பு என்மேலதாம்மா. ஆறவிடாமத் தண்ணியில முக்கிட்டேன். அவசரம்.”

அவள் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். “கோவம் இருந்துச்சுங்கண்ணா. இல்லீன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். “ஆனா அந்த ஒரு வாரம் யாருக்கும் எதுக்கும் காத்துக்கிட்டு நிக்கலீங்க. அது வேணுமுங்க எனக்கு. செஞ்சு குடுங்க, இந்தவாட்டி ஒழுங்கா.”

“வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டாக.”

“எங்கூட்ல நிக்கறது என்னோட சைக்கிளுங்க. அவங்க வாசலுக்கு அது எதுக்கு வரோணும்? நான் அவிநாசி ரோட்ல வேற கம்பெனி பாத்துட்டேனுங்க.”

ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு வெல்டிங் செட் எடுத்துவந்து அவள் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்தான். கட்டைக்கு இருபுறமும் தகடு வைத்து ஒட்டி, சாம்பல் சட்டியில் புதைத்துவிட்டு, அது ஆறும்வரை அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பொருத்தியதும் முதலில் தானே ஏறி நின்று, முழு எடையையும் போட்டு மிதித்தான். தெரு முழுக்க ஓட்டினான். அதன் பிறகே அவளிடம் கொடுத்தான். அவள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

திங்கட்கிழமை வேல்குமார் செல்போனோடு கொட்டகைக்கு வந்தார். ஏதோ கண்காட்சியில் எடுத்த படம். மூங்கிலால் செய்த சைக்கிள்.

“இதே மாதிரி ஒண்ணு பண்ணிரலாமுங்களா இசக்கி? பையர் அடுத்த மாசம் வர்றாங்க.”

இசக்கிமுத்து படத்தைப் பெரிதாக்கி மூட்டுகளைப் பார்த்தான். “பண்ணிரலாமுங்க” என்றான். அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவன் மூங்கில் எங்கே கிடைக்கும் என்று யோசித்தபடி கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்றான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த ஜோதிகா, தூக்கைத் திறந்துகொண்டே கேட்டாள். “நேத்து மெஹ்ஜபின் எப்படி ஓட்டுனா?”

“திரும்புதப்ப மட்டும் கொஞ்சம் பயப்படுதா. சரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.